கறிவேப்பிலைச் செடியில் பொருந்தாத ஜோடி: ஒரே இனமா, கலப்பா?

மாடித்தோட்டக்காரன்:
நேற்று காலை எங்கள் கறிவேப்பிலைச் செடியில் இரண்டு வண்ணத்துப்பூச்சிகள் இணைசேர்ந்திருந்தன. ஒன்று கருப்பு, பின்சிறகில் குறுக்கே வெள்ளைப் பட்டை. மற்றதற்கு முன்சிறகில் வெள்ளைத் தீற்றல், பின்சிறகில் சிவப்புப் புள்ளிகள். பக்கத்து வீட்டு சார் பார்த்துவிட்டு, "வேறு வேறு இனம், கலப்பு" என்று சொல்லிவிட்டார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஈஸ்வரமூலி:
கலப்பெல்லாம் இல்லை. இரண்டுமே காமன் மார்மன், தமிழில் கறிவேப்பிலை அழகி. ஆணுக்கு எப்போதும் அந்த வெள்ளைப் பட்டைதான். பெண்ணுக்கு நம் ஊரில் மூன்று தோற்றம்: ஒன்று ஆணைப் போலவே, ஒன்று காமன் ரோஸ் என்ற வேறு இன வண்ணத்துப்பூச்சி போல, ஒன்று கிரிம்சன் ரோஸ் என்ற இன்னொரு இனம் போல. நீங்கள் பார்த்தது மூன்றாவது. உங்கள் பக்கத்து வீட்டு சாரைக் குறை சொல்ல முடியாது. முன்பு இவற்றைத் தனித்தனி இனமாகத்தான் நினைத்துப் பெயர் வைத்தார்கள். மலேயத் தீவுகளின் அழகி வகை வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி 1865இல் இயற்கை ஆய்வாளர் வாலஸ் எழுதிய கட்டுரையில்தான் ஒரே இனத்துப் பெண்களின் இந்தப் பலவகைத் தோற்றம் விரிவாக வந்தது.

ரோஸ் இரண்டின் புழுக்களும் ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி வகைக் கொடிகளைத் தின்று அந்த நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். ஒருமுறை கொத்திய பறவை மறுபடி கிட்டே வராது. கறிவேப்பிலை தின்று வளர்ந்த மார்மனுக்கு நஞ்சு ஏது? உடையை மட்டும் கடன் வாங்கியிருக்கிறது. சந்தேகமிருந்தால் உடம்பைப் பாருங்கள். ரோஸ் என்றால் சிவப்பு, மார்மன் என்றால் கருப்பு.

கேள்விக்குறி:
நீங்கள் சொன்ன கடைசி வரியே உங்கள் வாதத்தைக் கவிழ்க்கிறது. உடம்பைப் பார்த்து நானே ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவேன் என்றால், இதே வேலையாகப் பூச்சி பிடிக்கும் பறவைக்குத் தெரியாதா? நம் கண்ணுக்கு ஒத்திருப்பதை வைத்துக் கதை கட்டுகிறோம். வேஷம் அவ்வளவு நல்லது என்றால் ஆண் ஏன் போடவில்லை? பாதிப் பெண்கள் ஏன் போடவில்லை?

எலுமிச்சை தோட்டம்:
அட, இதுக்கு இவ்வளவு சண்டையா? தின்கிற இலைதான் காரணம். எலுமிச்சையில் வளர்ந்தால் வெள்ளை, கறிவேப்பிலையில் வளர்ந்தால் சிவப்பு. இரண்டு செடியையும் மொட்டையடிப்பது மட்டும் நிச்சயம்.

ஈஸ்வரமூலி:
@எலுமிச்சை தோட்டம்: இலை காரணமில்லை அண்ணா, மரபணு. ஒரே கறிவேப்பிலையில் வளர்ந்தவற்றிலேயே இரண்டும் வரும். பூச்சியின் உடம்பு ஆணா பெண்ணா என்று வளர வழிகாட்டும் 'டபுள்செக்ஸ்' என்ற மரபணுதான் இந்தச் சிறகு வேலையையும் பார்க்கிறது என்று பெங்களூரின் விஞ்ஞானி குண்டே குழுவினர் 2014இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதினார்கள். அதற்கு முன் பல மரபணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே கடத்தப்படுகின்றன என்றுதான் நினைத்திருந்தார்கள். வேஷம் போடும் வகையில், அந்த மரபணு இருக்கும் துண்டு குரோமோசோமில் தலைகீழாகத் திரும்பிக் கிடக்கிறது. அதனால் சாதாரண வகையோடு கலந்து சிதையாமல் முழுசாக அடுத்த தலைமுறைக்குப் போகிறது. வேஷ வகை ஓங்கு வகை, தாய் தந்தை ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். ஆணும் அதைச் சுமக்கிறது, ஆனால் அதன் சிறகில் காட்டாது.

@கேள்விக்குறி: பறவை உங்களைப் போலப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. பறக்கும்போது, தூரத்தில், ஒரு கணத்தில் முடிவெடுக்க வேண்டும். சூடு கண்ட பூனைக்கு அடுப்பங்கரைப் பக்கமே பயம். அப்புறம், எல்லாப் பெண்களும் ஏன் இல்லை என்பதற்குக் கள்ள நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல நோட்டு நிறையப் புழங்கும் வரைக்கும்தான் அது செல்லும்.

கேள்விக்குறி:
கள்ள நோட்டு உவமை நன்றாக இருக்கிறது. உவமை சாட்சி ஆகாது.

ஈஸ்வரமூலி:
சரி, சாட்சி. ஜப்பானின் தெற்கே மியாக்கோ தீவில் காமன் ரோஸ் முன்பு இல்லை. அது வந்து குடியேறிய பிறகு, அங்கிருந்த மார்மன் பெண்களில் வேஷக்காரிகளின் பங்கு கூடியது. அசல் வந்ததும் நகல் பெருகுகிறது. வெறும் கண் மயக்கம் என்றால் இது ஏன் நடக்க வேண்டும்?

கேள்விக்குறி:
இது சாட்சிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆண் விஷயம் இன்னும் பாக்கி.

ஈஸ்வரமூலி:
சிறகில் அலகுத் தழும்பு எண்ணிப் பார்த்த ஆய்வு 1995இல் வந்தது. பெண்களைத்தான் பறவைகள் கூடுதலாகத் தாக்கியிருந்தன. முட்டைச் சுமையோடு, இலை இலையாகத் தேடித் தாழப் பறப்பது பெண்தானே. ஆணுக்கு வேஷத்தால் கிடைக்கும் ஆதாயம் குறைவு. கூடவே, பெண் தன் இனத்து ஆணை அடையாளம் காண அந்தப் பழைய பட்டை தேவை என்றும் ஒரு கருத்து உண்டு.

கேள்விக்குறி:
இரண்டு காரணம் சொல்லும்போதே ஒன்றும் உறுதி இல்லை என்று அர்த்தம். முதல் காரணத்தை எடுத்துக்கொள்கிறேன், இரண்டாவது எனக்கு இன்னும் கதைதான்.

எலுமிச்சை தோட்டம்:
புழுவை என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்களேன். சின்னதில் காக்கா எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது, பெரிசானால் பச்சை. தொட்டால் தலையிலிருந்து சிவப்பாகக் கொம்பு நீட்டி நாறடிக்கிறது.

மாடித்தோட்டக்காரன்:
மருந்து அடிக்காதீர்கள் அண்ணா, எனக்கு அனுப்பிவிடுங்கள்! இதைப் படித்ததிலிருந்து செடியில் இருந்த ஐந்து புழுக்களை டப்பாவில் வளர்த்தேன். ஒன்று கூட்டுப்புழுவாகும் முன்பே செத்துவிட்டது. மற்ற நான்கும் இந்த வாரம் வெளியே வந்தன. மூன்று வெள்ளைப் பட்டை, ஒன்று சிவப்புப் புள்ளி. எல்லாவற்றுக்கும் உடம்பு கருப்பு.

கேள்விக்குறி:
அந்த மூன்றில் எத்தனை ஆண், எத்தனை பெண்? வயிற்று நுனியைப் பார்த்தீர்களா?

மாடித்தோட்டக்காரன்:
பார்க்கவில்லை சார். ஜன்னலைத் திறந்ததும் நான்கும் போய்விட்டன.