இதயத்தசை நோயில் இதயத்தின் முறுக்கு ஏன் குறைகிறது?

கேள்வி:
வணக்கம். டைலேட்டட் கார்டியோமயோபதி (இதய அறை விரிந்து தசை பலவீனமாகும்) நோயுள்ள என் தந்தையாரின் எக்கோ அறிக்கையில், இடது கீழறையின் முறுக்கு குறைந்துள்ளதாக எழுதியிருக்கிறார்கள். அதன் பொருளை விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
இடது கீழறைச் சுவரின் உட்புற இழைகள் ஒரு திருகாகவும், வெளிப்புற இழைகள் அதற்கு எதிர்த் திருகாகவும் அமைந்துள்ளன. இதயத்தின் கீழ்நுனியிலிருந்து நோக்கினால், சுருங்கும்போது நுனி கடிகார எதிர்த்திசையிலும் அடிப்பகுதி (மேலறையை ஒட்டிய மேற்பக்கம்) கடிகாரத் திசையிலும் திரும்புவதால், ஈரத்துணியைப் பிழிவதுபோல ரத்தம் வெளியேறுகிறது. தசை இழை ஏறத்தாழ 15 சதவீதமே குறுகினாலும், அறையிலுள்ள ரத்தத்தில் சுமார் 60 சதவீதம் வெளியேற இந்த அமைப்பே துணைசெய்கிறது. வியக்கத்தக்க ஏற்பாடு இது. தங்கள் தந்தையாருக்குள்ள நோயில் அறை உருண்டையாக விரிவதால், சாய்ந்திருந்த இழைகள் கிடைமட்டமாகி, முறுக்கும் ஆற்றலை இழக்கின்றன. குறிப்பாக நுனியின் சுழற்சி குறைகிறது. சிலருக்கு அது தலைகீழாகவும் மாறுகிறது.

பதில் 2:
முறுக்கு அவிழ்வதும் முக்கியம். அவிழும் வேகம்தான் மேலறையிலிருந்து ரத்தத்தை உறிஞ்சுகிறது. அது தளர்ந்தால் நுரையீரலில் அழுத்தம் கூடி மூச்சுத்திணறல் வரலாம். தசை தடிக்கும் ஹைப்பர்டிராபிக் வகையில் முறுக்கு இயல்பாகவோ கூடுதலாகவோ இருந்தும், அவிழ்வது தாமதமாகிறது.

பதில் 3:
இந்த அளவு கருவிக்கும் மென்பொருளுக்கும் ஏற்ப மாறுபடுவதால், அடுத்த எக்கோவை இயன்றவரை அதே இடத்தில் எடுங்கள். சிகிச்சையை மருத்துவர் பெரும்பாலும், ஒரு துடிப்பில் கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் சதவீதமான எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷனையும் அறிகுறிகளையும் கொண்டே முடிவுசெய்வார் என்பதால், இந்த ஒரு வரியைக் கண்டு அஞ்ச வேண்டாம்; மருந்துகளைத் தாமாக நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.