அரபு மொழி இவ்ளோ பெருசா இருந்தும் ஏன் திணறுது?

மணல்காற்று:
அரபு லீக்ல 22 நாடு இருக்கு, 1973லயே ஐநா அலுவல் மொழியாவும் ஆயிடுச்சு, அப்புறமும் அரபு நெருக்கடில இருக்குன்னு சொல்றாங்களே, நெசமாவே என்ன பிரச்சனை?

பழையபேனா:
முக்கியமா ரெட்டை வழக்குதாங்க. வீட்ல பேசுறது ஆமியா, ஸ்கூல் புக்குலயும் நியூஸ்லயும் ஃபுஸ்ஹா, அதனால பிள்ளைங்க முதல் வகுப்புல கிட்டத்தட்ட இன்னொரு மொழியவே கத்துக்க வேண்டியிருக்கு, அதுலயும் மொராக்கோகாரர் வேகமா பேசினா ஈராக்காரருக்கே பிடிபடாது.

தூரத்துமேகம்:
எனக்கு இதவிட படிப்புதான் கவலையா இருக்கு. வளைகுடா யுனிவர்சிட்டில சயின்ஸ் பெரும்பாலும் இங்கிலீஷ்ல, மொராக்கோல 2019 சட்டம் வந்தப்புறம் ஸ்கூல்லயே சயின்ஸ் பாடத்த பிரெஞ்சுல நடத்த வழி விட்டுட்டாங்க. ஆனா சிரியால டாக்டர் படிப்பே அரபுலதான் நடக்குது, அதனால அரபுல முடியாதுன்னு சொல்றத நான் ஏத்துக்கவே மாட்டேன்.

மணல்காற்று:
ரொம்ப நன்றி. சாட்ல அரபிய இங்கிலீஷ் எழுத்துல அடிக்கறாங்களே, அது?

பழையபேனா:
அரபிசி. அய்ன் எழுத்துக்கு 3, ஹாவுக்கு 7னு போடுவாங்க. பழைய போன்ல அரபு கீபோர்டு இல்லாதப்போ பரவினது, இப்போ கீபோர்டு வந்தும் பழக்கம் விடல.