நாலு மாத அட்வான்ஸைப் பிடித்துக்கொண்ட ஓனரை மன்னிக்க வேண்டுமா?

அல்சூர் மாறன்
கேள்வி இதுதான். பெங்களூரில் ஒருவர் வாடகை வீட்டைக் காலி செய்கிறார். கொடுத்திருந்த அட்வான்ஸ் 10 மாத வாடகை. பெயின்டிங்குக்கு ஒரு மாதம் கழிப்பது ஊர் வழக்கம். ஓனர் நாலு மாதத்தைப் பிடித்துக்கொண்டார். ஆறு மாதம் ஆகியும் இவருக்குத் தூக்கம் வரவில்லை, ஓனரை எப்படித் தலைகுனிய வைக்கலாம் என்றே யோசனை. சுற்றி இருப்பவர்கள் "விட்டுத் தள்ளு" என்கிறார்கள்.

அந்த அறிவுரை தப்பு என்கிறேன். பழி உணர்ச்சி நோய் இல்லை, காவல். என்னை ஏமாற்றினால் உனக்கும் நஷ்டம் என்று எதிராளிக்குத் தெரிய வேண்டும். 2004-இல் சூரிச் ஆய்வாளர்கள், நம்பிக்கைத் துரோகம் செய்தவரைத் தண்டிக்கிறவர்களின் மூளையைப் பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். பரிசை எதிர்பார்க்கும்போது இயங்கும் காடேட் பகுதி இயங்கியது. அது அதிகமாக இயங்கியவர்கள் கைக்காசைச் செலவழித்தும் தண்டித்தார்கள். இவ்வளவு ஆழமாக இருக்கும் ஒன்றைத் துடைத்தெறியச் சொல்வது நியாயமா?

ஜெயநகர் செல்வி
மாறன் சார், அந்த ஸ்கேன் காட்டுவது தண்டிக்கும் ஆசையை. தண்டித்த பிறகு என்ன ஆகிறது என்பதை 2008-இல் கார்ல்ஸ்மித், வில்சன், கில்பர்ட் மூவரும் பார்த்தார்கள். கூட்டாகப் பணம் போடும் விளையாட்டு. ஒரு ஆள் மற்றவர்களைப் போட வைத்துவிட்டுத் தான் போடாமல் லாபம் பார்க்கிறார். சிலருக்கு அவரைத் தண்டிக்க வாய்ப்புக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. தண்டித்தால் மனம் ஆறும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கடைசியில் தண்டித்தவர்களுக்குத்தான் மனநிலை மோசமாக இருந்தது, ஏனென்றால் அவர்கள் அந்த ஆளையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். வாய்ப்பில்லாதவர்களுக்கு விஷயம் சிறுத்துப்போய்விட்டது.

கோபத்தைக் கொட்டித் தீர்த்துவிடலாம் என்பதும் நடக்காது. 2002-இல் புஷ்மன் செய்த சோதனையில், தன்னை மட்டம் தட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் ஏறியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள்.

அல்சூர் மாறன்
அந்த விளையாட்டில் தண்டனை வாங்கியவர் பதிலே பேசவில்லை. 2011-இல் கோல்விட்சர் குழு அந்த இடத்தைத்தான் சோதித்தது. "நான் செய்ததற்குத்தான் இது" என்று எதிராளி புரிந்துகொண்டதாகத் தெரிந்தபோது பழிவாங்கியவருக்குத் திருப்தி வந்தது. அதே 2011-இல் மெக்நல்ட்டி, புதிதாக மணமானவர்களை நாலு வருடம் தொடர்ந்து பார்த்தார். எளிதில் மன்னித்தவர்களுடைய துணையின் கடுஞ்சொல்லும் அடியும் குறையவில்லை. மன்னிக்கத் தயங்கியவர்களுக்குக் குறைந்தது. இதை மறைத்துவிட்டு மன்னிப்பைப் போதிப்பது ஆபத்து.

நம் ஊரையே பாருங்கள். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 18 வருடம் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தார்கள், நாலு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை. கர்நாடகம், தமிழ்நாடு இரண்டு பக்கமும் கொடுத்ததால் நடந்தது. ஒரு பக்கம் மட்டும் "விட்டுவிட்டோம்" என்று உட்கார்ந்திருந்தால் துணி விலகியிருக்குமா?

ஜெயநகர் செல்வி
மெக்நல்ட்டி சொன்னது சரி, மறுக்க மாட்டேன். அடிக்கிறவரிடமிருந்து முதலில் விலக வேண்டும், மன்னிப்பெல்லாம் பிறகு. ஆனால் சிலை விஷயம் சமரசம், அதற்கு இரண்டு பேர் வேண்டும். மன்னிப்பு ஒரு ஆள் செய்யும் வேலை, எதிராளிக்குத் தெரியக்கூட வேண்டியதில்லை. அதில் பணக் கோரிக்கையைக் கைவிடுவதும் சேராது.

லேசாகச் சொல்லவில்லை. 1996-இல் என்ரைட்டும் ஃப்ரீட்மனும் சிறுவயதில் குடும்பத்துக்குள் பாலியல் கொடுமைக்கு ஆளான 12 பெண்களோடு வேலை செய்தார்கள். வாரம் ஒரு அமர்வு, ஆளுக்குச் சராசரியாக 14 மாதம். முதல் கட்டமே காயத்தையும் கோபத்தையும் முழுதாக ஒப்புக்கொள்வதுதான். அதைத் தாண்டிக் குதித்து "மன்னித்துவிட்டேன்" என்று சொன்னால் கோபம் உள்ளேயே தங்கிவிடும்.

ஃபிரேசர் டவுன் தாமஸ்
பணத்தையும் பேசுவோம். பாக்கிப் பணத்துக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் காலவரம்பு. ஒப்பந்தம், அட்வான்ஸ் கொடுத்த வங்கிப் பதிவு, சாவி ஒப்படைத்த நாளின் வாட்ஸாப் செய்தி, காலி செய்த அன்று எடுத்த சுவர்ப் படங்கள், நாலையும் ஒரு கோப்பில் வையுங்கள். 15 நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையா, எச். சித்தையா சாலையில் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கும் நியாய தேகுலா கட்டிடத்துக்குப் போய், வழக்குக்கு முன்பே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பேச மனு கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. அங்கே முடிந்தால் அது சிவில் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் இல்லை.

பழிவெறி கெடுப்பது இந்த இடத்தில்தான். ஓனரின் படத்தையும் நம்பரையும் அப்பார்ட்மென்ட் குரூப்பில் போட்டுத் "திருடன்" என்று எழுதினால், அவர் கையில் அவதூறு வழக்கு, நம் கையில் பலவீனமான பேரம்.

அல்சூர் மாறன்
தாமஸ் சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை, அது என் கட்சிதான். நோட்டீஸுக்கும் லோக் அதாலத்துக்கும் நடுவில் உள்ள ராத்திரிகளுக்குச் செல்வி மேடம் என்ன சொல்கிறார்?

ஜெயநகர் செல்வி
உளவியலாளர் பென்னிபேக்கரின் எழுதும் முறைதான். மூன்று நாலு நாள் தொடர்ந்து, நாளுக்கு 15 முதல் 20 நிமிடம், நடந்ததையும் அது உள்ளே செய்ததையும் எழுத வேண்டும். எழுதிய உடனே மனம் இன்னும் கனக்கும், பயப்பட வேண்டாம். பலர் தவறுவது, ஓனரை என்ன செய்யலாம் என்று திட்டம் எழுதுவதில். அது பழிக்கு ஒத்திகை. "நான்" என்பதற்குப் பதில் தன் பெயரைப் போட்டு, வேறொருவருக்கு நடந்தது போல எழுதினால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடிகிறது. நாலாம் நாளும் முதல் நாள் வரிகளே வந்தால் நிறுத்திவிடுங்கள், அந்த ஆளுக்கு இது ஒத்துவரவில்லை.

ஸ்டான்ஃபோர்டின் ஃப்ரெட் லஸ்கின் சொல்லும் இன்னொன்று: நம்மால் அமல்படுத்த முடியாத விதியைப் பிடித்துக்கொண்டு தவிக்கிறோம். "அவர் நியாயமாக நடந்தே தீர வேண்டும்" என்பது அப்படிப்பட்ட விதி. "நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன், அதற்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன்" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். கோப்புக்குச் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம், மற்ற நாளில் தொட வேண்டாம். இரண்டு வாரமாகத் தூக்கமே இல்லை என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசுவார்கள்.

அல்சூர் மாறன்
சனிக்கிழமை ஏற்பாடு சரி. ஆனால் அந்த மூன்று மாதப் பணம் கணக்கில் ஏறும்வரை மன்னிப்பு என்ற சொல்லை அவரிடம் யாரும் சொல்லக் கூடாது.

ஜெயநகர் செல்வி
சொல்ல வேண்டாம். ராத்திரி பதினோரு மணிக்கு அந்த வாட்ஸாப் உரையாடலை அவர் திரும்பப் படிக்காமல் இருந்தால் எனக்கு அது போதும்.