இன்னொரு பாதி எங்கே?

புரதங்களின் முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் பார்த்து ஏமாந்த கதையை ஆளுக்கொன்றாக எழுதுகிறோம்; என்னுடையது இது. 2020 ஏப்ரல், ஊரடங்கு. ஆய்வகம் பூட்டிக் கிடந்தது. கையில் இருந்தது ஒரு பழைய மடிக்கணினியும், அந்த வடிவங்களைத் திரையில் காட்டும் பைமால் மென்பொருளும்தான். டாக்கிங் (ஒரு சேர்மம் புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் பார்ப்பது) தெரிந்தவர், தெரியாதவர் என எல்லோரும் அப்போது திறந்துவைத்திருந்த கட்டமைப்புக் கோப்பு 6எல்யு7, கொரோனா வைரஸின் முதன்மை புரோட்டியேஸ், அதாவது புரதங்களை வெட்டும் நொதி. நானும் மூலிகைச் சேர்மங்களை ஒவ்வொன்றாக அதன் குழிக்குள் பொருத்திப் பார்த்தேன். ஒன்று அம்சமாக உட்கார்ந்தது: ஹிஸ்டிடின் 41, சிஸ்டீன் 145 என்ற இரு அமினோ அமிலங்களையும் (எண், சங்கிலியில் அவற்றின் இடம்) ஒட்டி, பிணைப்பைக் காட்டும் மஞ்சள் புள்ளிக்கோடுகளுடன். வெள்ளைப் பின்னணி வைத்து, மெருகேற்றும் ரே கட்டளை கொடுத்து, படத்தை நெறியாளருக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில்: "இன்னொரு பாதி எங்கே அம்மா?"

எனக்குப் புரியவில்லை. காணொளியில் அழைத்தார். வலப்பக்கம் ஏ, எஸ், எச், எல், சி என்று ஐந்து பொத்தான்கள் இருக்குமே, அதில் ஏ-வை அழுத்தி, 4 ஆங்ஸ்ட்ராம் தூரத்துக்குள், படிகத்தில் பக்கத்தில் அடுக்கியிருக்கும் அதே புரதத்தின் சமச்சீர் நகல்களை வரவழைக்கச் சொன்னார். திரை நிறைந்துவிட்டது. நகல்களில் ஒன்றின் நுனி நேராக என் குழியின் ஓரத்துக்கு வந்து நின்றது. அந்த நொதி இணை சேர்ந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். இணையின் முதல் அமினோ அமிலமான செரின் இங்கே குளூட்டமேட் 166-ஐப் பிடித்துக் குழிக்கு வடிவம் தருகிறது. படிகத்தில் இரு பாதிகளும் ஒன்றுபோலவே இருப்பதால் கோப்பில் ஒன்றைத்தான் எழுதியிருக்கிறார்கள். மற்றதை எப்படித் திருப்பி வைப்பது என்பது அதே கோப்பில் ரிமார்க் 350 என்ற குறிப்பு வரிகளில் இருக்கிறது. அந்த வரிகளை நான் படித்ததே இல்லை. என் அருமைச் சேர்மத்தின் ஒரு வளையம், அந்தச் செரின் இருக்கவேண்டிய இடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. ஆறு வார உழைப்பு.

* * *

நான் ஏமாந்தது நிறத்தில். புரத வடிவத்தைக் கணித்துத் தரும் ஆல்ஃபாஃபோல்டு நிரலின் மாதிரி ஒன்றைப் பைமாலில் ஏற்றி, ஒவ்வோர் அணுவுக்கும் எழுதியிருக்கும் பி-ஃபேக்டர் எண்படி நிறமிட்டேன். படிகக் கட்டமைப்பில் அந்த எண் கூடினால் அந்தப் பகுதி ஆடுகிறது, தெளிவில்லை என்று பொருள். ஆல்ஃபாஃபோல்டோ அதே இடத்தில் தன் நம்பிக்கை மதிப்பெண்ணை எழுதிவைக்கிறது: 90-க்கு மேல் உறுதி, 50-க்குக் கீழ் நம்ப வேண்டாம். துறைக் கருத்தரங்கில் நின்று, எண் கூடியதால் சிவப்பாகத் தெரிந்த நடுப்பகுதியைக் காட்டி, "இது மிகவும் நெகிழ்வான பகுதி" என்று பத்து நிமிடம் பேசினேன். அது பீட்டா தகடு, இறுகிய மடிப்பு. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கவலையாக இருக்கிறது.

* * *

நீங்கள் பைமால் தலைமுறை. நான் அதற்கு முந்தைய மென்பொருளான ராஸ்மாலின் ஆள். ரோஜர் சேல் 1993-இல் வெளியிட்டது, எங்கள் துறையில் பிளாப்பியில் கைமாறியது. கறுப்புத் திரையில் ஹீமோகுளோபின் சுழன்றதைப் பார்த்த எங்கள் பேராசிரியர், கம்பியும் பந்துமாக மாதிரி கட்டிப் பழகியவர், "நன்றாகத்தான் இருக்கிறது, தொட முடியவில்லையே" என்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு 1963-இல் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் வரைபடத்தில் நாங்கள் கையால் புள்ளி வைத்துப் பழகினோம். இன்று கைமெரா மென்பொருளில் அதே வரைபடத்தின் ஒரு புள்ளியைச் சொடுக்கினால், அந்த அமினோ அமிலம் கட்டமைப்பில் தேர்வாகி நிற்கிறது.

முதலில் எழுதிய தங்கைக்கு: கோப்பில் பாதி மட்டும் இருப்பது பழைய வியாதி. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின், 1எச்எச்ஓ கோப்பில் இரண்டே சங்கிலிகள்தான். நான்கு என்று பாடம் நடத்திவிட்டு அதைத் திறந்து காட்டினேன். மாணவர்கள் எண்ணிப் பார்த்தார்கள்.

* * *

தண்ணீரை அழித்தவர்கள் யாரும் இல்லையா? நான் திறந்தது எச்.ஐ.வி. புரோட்டியேஸ், 1எச்எஸ்ஜி கோப்பு. படம் சுத்தமாக இருக்கட்டும் என்று தண்ணீரைக் குறிக்கும் சிவப்புப் புள்ளிகளை எல்லாம் நீக்கினேன். இண்டினாவிர் மருந்துக்கும் அதன்மேல் கவிந்திருக்கும் புரதத்தின் இரு மடல்களுக்கும் நடுவே ஒரு நீர் மூலக்கூறு, எண் 308, மேலே இரு ஐசோலூசின் 50-களையும் கீழே மருந்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். அதுவும் சேர்ந்து போயிற்று. மருந்து ஏன் மடல்களோடு ஒட்டவில்லை என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். இப்போது என் மாணவர்களுக்கு அந்த ரிமூவ் கட்டளையைச் சொல்லித்தருவதே இல்லை. அவர்களாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.