மாடல் ரயில் லேஅவுட்டில் ராட்டினம், காற்றாலை மோட்டார் இரைச்சல்: குறைப்பது எப்படி?

லூப்லைன்:
எச்.ஓ. அளவு (அசலில் 87-இல் ஒரு பங்கு) லேஅவுட். மேல்தளம் 9 மி.மீ. பிளைவுட். ராட்டினத்துக்கும் காற்றாலைக்கும் ஆளுக்கொரு 12 வோல்ட், 30 ஆர்.பி.எம். என்-20 கியர் மோட்டார். அர்டுயினோ ஊனோவும் (நிரல் எழுதி ஓட்டும் சிறு போர்டு) எல்298என் டிரைவரும் (மோட்டாருக்கு மின்சாரம் தரும் சர்க்யூட்) வைத்து, போர்டின் பின் (இணைப்பு முனை) 5, 6 வழியே பி.டபிள்யூ.எம்.மில் (மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுத் தரும் முறை) வேகத்தைக் குறைக்கிறேன். மோட்டார்களை உலோக கிளாம்ப் போட்டு பிளைவுட்டின் அடியிலேயே திருகியிருக்கிறேன். இரண்டும் ஓடினால் எஞ்சினின் சவுண்ட் டிகோடர் (ரயில் ஒலி எழுப்பும் சிப்) சத்தம் காதில் விழுவதே இல்லை. விடாத ரீங்காரம், ராட்டினத்தில் சுற்றுக்கு ஒருமுறை "கடகட". மோட்டாரைச் சுற்றி ஸ்பாஞ்ச் ஒட்டினேன், 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டேன். பலனில்லை. உதவுங்கள்.

பல்சக்கரம்:
அந்த கெபாசிட்டர் பிரஷ் பொறியால் வரும் மின் இரைச்சலுக்கு. காதில் விழும் சத்தத்தை அது தொடாது. ஸ்பாஞ்சை எடுத்துவிடுங்கள், மோட்டார் சூடாகும். முதலில் சத்தம் எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிடலாம் நண்பரே. மோட்டாரைக் கழற்றிக் கையில் பிடித்து, அதே வேகத்தில் ஓட்டுங்கள். சத்தம் பாதிக்கு மேல் இறங்கினால் பிளைவுட்தான் அதைப் பெருக்குகிறது. பிறகு அர்டுயினோவை விலக்கி, நான்கு ஏஏ பேட்டரியில் (6 வோல்ட்) ஓட்டுங்கள். ரீங்காரம் நின்றால் பி.டபிள்யூ.எம்., நிற்காவிட்டால் கியர்.

லூப்லைன்:
பார்த்தேன். கையில் பிடித்தால் நன்றாகவே குறைகிறது. பேட்டரியில் ரீங்காரம் சுத்தமாக இல்லை. கடகடப்பு மட்டும், ராட்டினத்தை மாட்டினால்தான் வருகிறது.

பல்சக்கரம்:
அப்படியானால் மூன்று வேலை.

ரீங்காரம்: ஊனோவில் பின் 5, 6-இன் பி.டபிள்யூ.எம். சுமார் 980 ஹெர்ட்ஸ், காதுக்கு நன்றாகக் கேட்கும். அந்தப் பின்கள் டைமர் 0-வில் (ஊனோவின் உள்கடிகாரங்களில் ஒன்று) இருக்கின்றன. அதை மாற்றினால் நிரலில் நேரக் கணக்கெல்லாம் குழம்பும், தொடாதீர்கள். டிரைவரின் இரண்டு எனேபிள் ஒயர்களையும் (வேகக் கட்டளை போகும் ஒயர்கள்) பின் 9, 10-க்கு மாற்றி, டைமர் 1-இன் பிரீஸ்கேலரை (கடிகார வேகத்தை வகுக்கும் எண்) நிரலில் 1 ஆக்குங்கள். அலைவெண் சுமார் 31 கிலோஹெர்ட்ஸுக்குப் போய்விடும். மனிதக் காதுக்கு எட்டாது. எல்298என் 40 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும், கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். குறைந்த வேகத்தில் மோட்டார் கிளம்பத் திணறலாம். முதல் 100 மில்லிசெகண்ட் முழு சக்தி கொடுத்துவிட்டு வேகத்தை இறக்குங்கள். அதே ஊனோவின் நிரலில் சர்வோ லைப்ரரி (சர்வோ மோட்டாரை இயக்கும் ஆயத்த நிரல்) இருந்தால் 9, 10-இல் பி.டபிள்யூ.எம். வேலை செய்யாது.

அதிர்வு: மோட்டாரை 3 மி.மீ. எம்.டி.எஃப். துண்டில் பிடித்து, அந்தத் துண்டை நான்கு ரப்பர் குரோமெட் (துளையில் பொருத்தும் ரப்பர் வளையம்), எம்3 (3 மி.மீ.) திருகு வைத்து பிளைவுட்டில் தொங்கவிடுங்கள். நைலாக் நட் (தானாகத் தளராத நட்) போடுங்கள், ரப்பர் நசுங்கும்வரை முடுக்க வேண்டாம். நசுங்கினால் மறுபடி இறுக்கமான இணைப்பாகிவிடும். தண்டோடு தண்டை இணைக்க உள்விட்டம் 2.5 மி.மீ. சிலிகான் ட்யூப் 15 மி.மீ. நீளம் போதும், 3 மி.மீ. தண்டில் இறுக்கமாக ஏறும். தண்டு நுனிகளுக்கிடையே 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். பலரும் மறப்பது ஒயர்: தடித்த ஒயரை இழுத்துக் கட்டினால் அதிர்வு அதன் வழியாகவே பலகைக்கு ஏறும். மெல்லிய மல்டி-ஸ்ட்ராண்ட் ஒயரை ஒரு வளையம் தளர்த்தி விடுங்கள்.

சிக்னல்பெட்டி:
கடகடப்பைப் பற்றி நான் சொல்கிறேன். ராட்டினம் ஒரு பக்கம் கனமாக இருக்கிறது. கனமான பக்கம் உச்சியைத் தாண்டியதும் மோட்டாரை முந்திக்கொண்டு இறங்கும். கியர்ப் பல்லின் இடைவெளி அளவுக்கு ஓடி, அடுத்த பல்லில் மோதும். மோட்டாரிலிருந்து பிரித்துக் கையால் சுற்றிவிடுங்கள். எப்போதும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால், எதிர்ப்பக்க விளிம்பின் உள்ளே சின்ன ஈயத் துண்டு ஒட்டுங்கள். எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை கூட்டிக் குறையுங்கள். அதன்பின்னும் லேசாகத் தட்டினால் அச்சில் ஒரு ஃபெல்ட் வாஷர் போடுங்கள். அந்தச் சிறு உராய்வு பற்களை ஒரே பக்கமாக அழுத்தி வைக்கும்.

லூப்லைன்:
ராட்டினத்தின் பிளாஸ்டிக் அச்சுக்குத் துரு நீக்கும் ஸ்ப்ரே அடிக்கலாமா?

சிக்னல்பெட்டி:
வேண்டவே வேண்டாம். அதிலுள்ள பெட்ரோலியக் கரைப்பான் பாலிஸ்டைரீனைத் தாக்கும். மசகும் சீக்கிரம் காய்ந்துவிடும். பிளாஸ்டிக்குக்கு ஆகும் என்று எழுதியிருக்கும் சிலிகான் கிரீஸ், குச்சி முனையில் தொட்டு ஒரு பொட்டு. ஃபெல்ட் வாஷரில் மட்டும் படக்கூடாது, பட்டால் உராய்வு போய்விடும்.