ஜூக்கை மனம் கேட்கிறது, ஜாஸைத் தேவை கேட்கிறது: எதை வாங்குவது?

மஞ்சள்வெயில்

பன்னிரண்டு ஆண்டுகள் ஓட்டிய சிறிய காரை மாற்றியாக வேண்டிய நிலை. பயன்படுத்திய கார்தான் வாங்கப்போகிறேன். இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2015-ஆம் ஆண்டு நிஸான் ஜூக், மற்றொன்று 2016-ஆம் ஆண்டு ஹோண்டா ஜாஸ். இரண்டும் பெட்ரோல், இரண்டும் ஆட்டோமேட்டிக், விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை.

காரில் வருபவர்கள் மூன்று பேர்: நான், ஒரு முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட 72 வயது அம்மா, ஆறு வயது மகன். நாளொன்றுக்கு 45 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். அதில் பெரும்பகுதி நெடுஞ்சாலை. வீட்டின் கீழ்த்தள நிறுத்தத்திலிருந்து ஏறி வரும் சரிவின் உச்சியில் இப்போதைய காரின் அடிவயிறு தினமும் உரசுகிறது.

ஜூக்கை முதன்முதலாகப் பார்த்த நாளிலிருந்தே எனக்கு அதன்மீது ஆசை. தவிர, அது எஸ்யூவி ரகம்; எஸ்யூவி என்றால் தரை இடைவெளி அதிகம், உயரமாக உட்காரலாம், பாதுகாப்பும் கூடுதல் என்று நினைக்கிறேன். தம்பியோ, "முகத்தைப் பார்த்துக் கார் வாங்காதே அக்கா" என்கிறான். ஓட்டியவர்கள், பழுது பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சக்கரம்72

ஜாஸ் வாங்குங்கள் அம்மா. பட்டறையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

இரண்டு கார்களையும் லிஃப்டில் தூக்கி அடியில் நின்று பாருங்கள். முன்சக்கரங்கள்தான் இழுக்கின்றன, அதிர்வு தாங்க முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னால் முறுக்குத் தண்டு அச்சு என்ற அமைப்புகள். இரண்டிலும் அதேதான். ஜூக் சிறிய கார்களுக்கான அடித்தளத்தின் மேல் எழுப்பப்பட்ட உடல். நான்கு சக்கர இயக்கத்தோடு வந்த ஜூக்கில் பின்பக்க அமைப்பு வேறு. நீங்கள் பார்ப்பது அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு. எஸ்யூவி என்ற பெயருக்காக மட்டும் பணம் கொடுக்காதீர்கள்.

டயரையும் பாருங்கள். ஜூக்கில் பெரும்பாலும் 215/55 ஆர்17 என்ற பெரிய அளவு இருக்கும். அந்த ஜாஸில் 185/60 ஆர்15 இருக்கலாம். நான்கையும் ஒருசேர மாற்றும் நாளில் வித்தியாசம் கையைக் கடிக்கும்.

இன்னொன்று. பழைய கார்களில் இன்ஜினுக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் தடுப்பின் கிளிப்புகள் உடைந்து அது தொங்கிக்கொண்டிருக்கும். உங்கள் கார் உரசுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். குனிந்து பாருங்கள்.

கோணல்கோடு

சக்கரம் ஐயாவை மதிக்கிறேன், ஆனால் இதை ஏற்க முடியாது. ஒரே களிமண்ணில்தான் குடமும் அகலும் செய்கிறோம். அடியில் உள்ள அச்சு ஒன்று என்பதால் இரண்டும் ஒரே கார் ஆகிவிடாது.

ஜூக்கை எட்டு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். 2010-இல் அது வந்தபோது முகம் சுளித்தவர்களே அதிகம். மேலே புடைத்து நிற்பவை ஹெட்லைட் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையான ஹெட்லைட்டுகள் கீழே இருக்கும் பெரிய வட்டங்கள். மேலே உள்ள அந்தப் புடைப்புகள் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே தெரியும். குறுகலான இடத்தில் காரின் மூலை எங்கே முடிகிறது என்று எனக்கு அவை காட்டித்தருகின்றன. பல கார்களில் பானெட் சரிந்து கண்ணுக்கு மறைந்துவிடுவதால் ஊகித்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. இரு இருக்கைகளுக்கும் நடுவில் இருக்கும் பகுதியை மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க் போல வார்த்திருக்கிறார்கள். அதன்மேல் கை வைத்துக்கொண்டு காத்திருக்கும் போக்குவரத்து நெரிசல்கூட எனக்குக் கனக்கவில்லை.

மஞ்சள்வெயில், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் அதற்குள் உட்காரப்போவது நீங்கள். பிடித்த காரில் உட்காருங்கள்.

அளவுகோல்

தரை இடைவெளி பற்றி மட்டும் முதலில். இரண்டு கார்களின் வீல்பேஸும், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட நீளமும், 2530 மி.மீ. அதாவது சரிவின் உச்சியைக் கடக்கும்போது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அடிவயிற்றின் உயரம் மட்டுமே. தோராயமாகச் சொன்னால், 140 மி.மீ. இடைவெளி உள்ள கார் சரிவும் சமதளமும் சந்திக்கும் உச்சியில் 12.6 பாகை வரையிலான முறிவை உரசாமல் கடக்கும். 180 மி.மீ. இருந்தால் 16.2 பாகை. இந்த வேறுபாடு உண்மையானது, அதை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் சரிவுக்கு அது தேவைதானா என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

இரண்டரை மீட்டர் நீளமுள்ள நேரான பலகை ஒன்றை எடுங்கள். அதன் நடுப்பகுதி சரிவின் உச்சியில் படும்படி சமநிலையில் வையுங்கள். இரு முனைகளுக்கும் கீழே தரைவரை எவ்வளவு என்று அளந்து சராசரி எடுங்கள். அதுவே உங்கள் காரின் அடிவயிற்றை நோக்கி மேடு எழும்பும் உயரம். ஆட்கள் ஏறினால் கார் தாழும், அதற்கு 30 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

டயர் பற்றிச் சக்கரம் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 215/55 ஆர்17 டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 668 மி.மீ.; 185/60 ஆர்15-க்கு 603. பக்கச்சுவரின் உயரம் 118, 111 என்று கிட்டத்தட்ட சமம்தான். ஆகவே பெரிய சக்கரம் என்பதால் குழிகளில் பெரிதாக மென்மை கூடிவிடாது. இரண்டு விட்டங்களின் வேறுபாட்டில் பாதி, அதாவது 32 மி.மீ. அளவுக்குக் கார் உயரும், அவ்வளவே.

பாதுகாப்பு குறித்து: உயரம் பாதுகாப்பு தராது. 2018-இல் யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய மோதல் பாதுகாப்புச் சோதனையில், உயரமான எஸ்யூவியான சுஸுகி ஜிம்னி ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்தான் வாங்கியது. உயரமும் குறுகிய அகலமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 1997-இல் உலகமே பார்த்தது. ஸ்வீடன் பத்திரிகை ஒன்று நடத்திய திடீர்த் திருப்பச் சோதனையில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. அதன்பிறகு அந்த நிறுவனம் எல்லா ஏ-கிளாஸ்களிலும், கார் சறுக்காமல் தானே பிரேக் பிடித்துக் காக்கும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டைப் பொருத்தியது. நீங்கள் வாங்கும் காரில் அது இருக்கிறதா என்று பாருங்கள். டாஷ்போர்டில் சாவியைத் திருப்பியதும் சறுக்கும் கார் படம் போட்ட விளக்கு எரிந்து அணைய வேண்டும்.

கோணல்கோடு

அளவுகோல், ஏ-கிளாஸ் எஸ்யூவி அல்லவே! உயரமாகக் கட்டப்பட்ட சிறிய கார் அது. உங்கள் எடுத்துக்காட்டு ஜாஸைப் போன்ற உயரக் கூரைக் கார்களுக்கு எதிராகவும் திரும்பும். ஜூக்குக்கு எதிரான ஆதாரமாக அதை வைக்காதீர்கள்.

ஜூக்கின் டிக்கி சிறியது என்று அடுத்து யாராவது சொல்லத்தான் போகிறார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆரம்பகால ஜூக்கில் 251 லிட்டர்தான், உண்மை. 2014-இல் மாற்றியமைத்த பிறகு முன்சக்கர இயக்க ஜூக்கில் 354 லிட்டர். அந்த ஜாஸிலும் 354 லிட்டர்தான். மஞ்சள்வெயில் பார்த்திருப்பது 2015 கார்.

அளவுகோல்

ஏ-கிளாஸ் பற்றி நீங்கள் சொன்னது சரி. உயரம் எங்கிருந்தாலும் அதே இயற்பியல்தான். அந்த வாதத்தை ஜூக்குக்கு எதிராக வைத்தது தவறு, திரும்பப் பெறுகிறேன். நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இரண்டிலும் வேலை செய்கிறதா என்பதே கேள்வி.

ஆனால் நெடுஞ்சாலையில் 80-இல் போகிறவர் 100-இல் போனால் காற்றின் எதிர்ப்பு 56 விழுக்காடு கூடுகிறது. அகன்று உயர்ந்த முகம் அங்கே தினமும் எரிபொருளைக் கேட்கும்.

சக்கரம்72

லிட்டர் ஒன்றாக இருக்கலாம். இடம் ஒன்றல்ல. ஜாஸில் பெட்ரோல் டேங்க் முன்னிருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. 2001-இல் வந்த முதல் ஜாஸிலிருந்து அப்படித்தான். அதனால் பின்னிருக்கையின் கீழே தரை தாழ்ந்து சமமாக இருக்கும். இருக்கையின் அடிப்பகுதியை மேலே மடக்கி நிறுத்தினால், உயரமான செடியைக்கூட நிமிர்த்தியே வைக்கலாம். சக்கர நாற்காலியை மடக்கி அப்படியே உள்ளே நிறுத்துவதையும் பார்த்திருக்கிறேன். வயதான அம்மா இருக்கும் வீட்டுக்கு இது சிறிய விஷயமில்லை. ஜூக்கில் இது முடியாது.

தனித்த வடிவத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. பெயர் வேண்டாம், விசித்திரமான வடிவத்தில் வந்து விற்பனை நின்றுபோன ஒரு கார். வாடிக்கையாளர் ஒருவருக்கு அதன் பம்பர் மூலைத் துண்டு ஒன்று கிடைக்க ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் அவர் பேருந்தில் போய்வந்தார். வேறெந்தக் காரின் துண்டும் அதற்குப் பொருந்தவில்லை.

ஆசைக்கு நான் எதிரி இல்லை. ஜூக் பிடித்திருக்கிறது என்று சொல்லி வாங்கினால் வாயைத் திறக்க மாட்டேன். தரை இடைவெளி, பாதுகாப்பு என்று அதற்குக் காரணம் தேடும்போதுதான் கவலையாக இருக்கிறது.

கோணல்கோடு

ஐயா, காரணம் தேட வைப்பது யார்? பெண் ஒருத்தி தன் பணத்தில் தனக்குப் பிடித்த காரை வாங்குவதற்கு ஒவ்வொருவரிடமும் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. அதனால்தான் "எனக்குப் பிடித்திருக்கிறது" என்பதை முதல் வரியில் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே தரை இடைவெளி என்கிறார். எனக்கும் அப்படித்தான் நடந்தது. வீட்டில் மூன்று மாதம் வாதாடினேன். இன்றுவரை ஒருநாள்கூட அந்த முடிவுக்காக வருந்தவில்லை.

சக்கரம்72

அந்தக் கோணத்தில் நான் பார்க்கவில்லை. நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காரைப் பற்றிய என் கருத்து மாறவில்லை.

இருபிள்ளைத்தாய்

எல்லோரும் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பேசுகிறீர்கள். பின்னால் உட்காரும் குழந்தையைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஜூக்கின் பின்கதவுக் கைப்பிடி கதவில் இல்லை, ஜன்னலின் பின் ஓரத்தில் மேலே ஒளிந்திருக்கிறது. டொயோட்டா சி-எச்ஆரிலும் அப்படித்தான். இரண்டு கதவுக் காரைப் போலத் தோன்றவேண்டும் என்று அங்கே வைத்திருக்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது எட்டுவது கடினம். தோள்வலி உள்ள பெரியவர்களுக்கும் சிரமம். பின்பக்க ஜன்னலின் கீழ்விளிம்பு மேல்நோக்கி ஏறிப்போவதால் குழந்தைக்கு வெளியே பார்வை குறையும். என் இளையவனுக்குப் பாதை தெரியாத காரில் பத்தே நிமிடத்தில் குமட்டல் வந்துவிடும். உடம்பு அசைவதை உணர்கிறது, கண்ணுக்கு அந்த அசைவு தெரிவதில்லை; பயணக் குமட்டலின் காரணமே அதுதான். இதை நான் எத்தனை முறை துடைத்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அம்மா விஷயத்தில் ஜூக்குக்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள். முழங்கால் மடக்க முடியாதவர்களுக்கு மிகவும் தாழ்ந்த இருக்கையும் ஆகாது, ஏறவேண்டிய உயரமும் ஆகாது. நின்றபடியே பின்னால் சாய்ந்தால் உட்கார்ந்துவிடக்கூடிய உயரம் வேண்டும். அது ஆளுக்கு ஆள் மாறும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். விற்பவர் அவசரப்படுத்தினாலும் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

கோணல்கோடு

கைப்பிடி உண்மைதான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை உயர்த்தும் இருக்கையில்தானே உட்கார வேண்டும்? அதில் வைத்தால் கண் ஒரு சாண் மேலே போகும். அதோடு, ஆறு வயது எட்டாகும், பத்தாகும். கார் அதற்குள் பழகிவிடும்.

இருபிள்ளைத்தாய்

பத்தாகும் வரை தினமும் யார் இறங்கி வந்து கதவைத் திறப்பது? மழையிலும் அவர்தானே?

மஞ்சள்வெயில்

எல்லோருக்கும் நன்றி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதற்காகவே செலவிட்டேன்.

முதலில் பலகை. என் சரிவில் சராசரி 95 மி.மீ. வந்தது. அளவுகோல் சொன்ன 30-ஐக் கூட்டினால் 125. பிறகு குனிந்து பார்த்தேன். சக்கரம் ஐயா சொன்னதேதான்: தடுப்பின் இரண்டு கிளிப்புகள் இல்லை, பிளாஸ்டிக் ஒரு பக்கம் தொங்குகிறது. மூன்று ஆண்டுகளாகச் சரிவைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். விற்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அம்மாவும் மகனும் பின்னால் இருக்க, ஜாஸைச் சரிவில் ஏற்றிப் பார்த்தேன். உரசவில்லை.

அம்மாவுக்கு ஜூக்கின் முன்னிருக்கைதான் வசதி. கையை எங்கும் ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்தார். ஜாஸில் ஒவ்வொரு முறையும் எழும்போது கதவின் மேல்விளிம்பைப் பிடித்தார். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

மகனை அவனுடைய உயர்த்தும் இருக்கையோடு இரண்டிலும் பின்னால் உட்கார வைத்தேன். ஜாஸில் ஏறியதும் வெளியே போகும் லாரிகளை எண்ணத் தொடங்கிவிட்டான். ஜூக்கில் கொஞ்ச நேரம் வெளியே எட்டிப் பார்க்க முயன்றுவிட்டு என் இருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். கைப்பிடி எட்டவில்லை.

அம்மா வாரத்தில் இரண்டு நாள் வருவார். அவன் தினமும் வருகிறான். ஜாஸுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். அம்மா எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ள, கதவுப் பூட்டின் கொக்கியில் மாட்டும் கைப்பிடி ஒன்று வாங்கப்போகிறேன்.

கோணல்கோடு, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஜூக்கை எனக்குப் பிடித்திருக்கிறது. இனி அதற்கு வேறு காரணம் சொல்ல மாட்டேன்.

சக்கரம்72

முன்பணம் கொடுத்தாலும் சிவிடி (அந்த ஆட்டோமேட்டிக்கின் வகை) கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்ற ரசீதைக் கேட்டு வாங்குங்கள் அம்மா. குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, மெதுவாக நகர்த்தும்போது நடுக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கோணல்கோடு

வருத்தம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் லாரி எண்ணும் பிள்ளையோடு நான் வாதாட முடியாது.

நீங்கள் விட்டுவிட்ட அந்த ஜூக்குக்கு ஆயில் மாற்றிய ரசீது இருந்ததா? என் தங்கை ஒன்று தேடிக்கொண்டிருக்கிறாள்.

மஞ்சள்வெயில்

இருந்தது. 60,000 கிலோமீட்டரில் மாற்றியிருக்கிறார்கள். விற்பவரின் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். வலது பின்டயர் தேய்ந்திருக்கிறது, அதைச் சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.