பிஎஸ்1 மாட் சிப்: பிக் 12எஃப்629-ஆ, டைனி85-ஆ? வெரிஃபை சரி, ஜப்பான் டிஸ்க் மட்டும் ஏறலை

பாளை_கன்சோல்:
கன்சோல் சோனி பிளேஸ்டேஷன் 1, ஐரோப்பா மாடல் எஸ்சிபிஎச்-7502, உள்ளே பியு-22 போர்டு. வேற நாட்டு டிஸ்க்கையும் சிடி-ஆரையும் ஏத்த வைக்கிற மாட் சிப் போடுறேன். ஜப்பான் ஒரிஜினல் டிஸ்க் ஓடணும், நாமளே எழுதுற சின்னச் சின்ன புரோகிராமையும் சிடி-ஆர்ல போட்டு ஓட்டணும். அதுக்கு மேல ஆசை இல்லை.

பிக் 12எஃப்629 மைக்ரோகன்ட்ரோலர்ல மலிவு புரோகிராமர் வெச்சு கோப்பை ஏத்தியாச்சு. மொதல்ல எரேஸ், அப்புறம் ரைட், வெரிஃபையும் சரின்னு காட்டுது. போர்டுல ஒயரும் கொடுத்தாச்சு. பிஏஎல் (ஐரோப்பா) ஒரிஜினல் டிஸ்க் எப்பவும் போல ஏறுது. ஜப்பான் டிஸ்க் போட்டா "டிஸ்க்கைப் போடவும்" திரையிலயே நிக்குது. சிப் போச்சா? இல்ல டைனி85 மைக்ரோகன்ட்ரோலருக்கே மாறிரலாமா? கையில ஆர்டுயினோ யூனோ போர்டு இருக்கு.

அம்பை_சால்டர்:
சிப் போகலை. அநேகமா ஆஸ்கால், அதாவது உள் கடிகாரத்தைத் திருத்துற மதிப்பு, அழிஞ்சிருக்கும்.

629-க்கு உள் கடிகாரம் 4 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு சிப்பும் கொஞ்சம் முன்னப்பின்ன ஓடும்கிறதால, ஃபேக்டரியிலேயே திருத்த மதிப்பை நிரல் நினைவகத்தோட கடைசி இடமான 3எஃப்எஃப்-ல எழுதித்தான் அனுப்புதாங்க. நல்ல புரோகிராமர் எரேஸுக்கு முன்னாடி அதைப் படிச்சு வெச்சிக்கிட்டு திரும்ப எழுதிரும். மலிவு புரோகிராமர் எல்லாத்தையும் சேத்து அழிச்சிரும். உங்க கோப்பு சரியா ஏறியிருக்கான்னு மட்டும்தான் வெரிஃபை பார்க்கும், அதனாலதான் பிழை காட்டலை.

சிப்பை மறுபடி ரீட் பண்ணி கடைசி இடத்தைப் பாருங்க. 34-ல தொடங்கினா மதிப்பு இருக்கு. 3எஃப்எஃப்எஃப்-னு இருந்தா அழிஞ்சிருக்கு. நிரல் தொடங்கினதும் மதிப்பை எடுக்க அந்த இடத்துக்குப் போகும். அங்கே திரும்பி வரச் சொல்லும் கட்டளை இல்லாததால முகவரி சுத்தி சுழியத்துக்கே வந்துரும். ஆரம்பத்துலயே சுத்திக்கிட்டு கிடக்கும், ஒரு சிக்னல்கூட வெளிய வராது.

சரிபண்ண பிக்கிட்2 புரோகிராமர் வேணும். டூல்ஸ் மெனுவுல ஆஸ்கால், ஆட்டோ ரீஜெனரேட். அது சிப்பை அழிச்சிட்டு கடிகாரத்தை அளந்து புது மதிப்பை எழுதும். அப்புறம் கோப்பை மறுபடி ஏத்துங்க.

ரெண்டு எச்சரிக்கை. புரோகிராம் பண்ணும்போது நாலாம் பின்னுல 12 வோல்ட் அளவுக்கு வரும், அதனால சிப்பைக் கன்சோல்ல இருந்து கழட்டிட்டுத்தான் ஏத்தணும். இன்னொண்ணு, 12சி508-க்குத் தொகுத்த கோப்பு 629-ல ஓடவே ஓடாது. அது 12 பிட் கட்டளைக் குடும்பம், இது 14 பிட். 12சி508ஏ சிப்பை வாங்காதீங்க, ஒருதடவைதான் எழுத முடியும்.

ஜங்ஷன்_யூனோ:
அண்ணாச்சி சொன்னது சரிதான். ஆனா புதுசா வாங்குறதா இருந்தா நான் டைனி85-தான் சொல்லுவேன். அதுல ஓடுற பிஎஸ்நீங்கிற மாட் சிப் நிரலோட மூலநிரல் திறந்தே கிடக்கு, யூனோவே புரோகிராமர் ஆயிரும்.

சிப் செய்யுற வேலை இதுதான்: ஒரிஜினல் டிஸ்க்கோட உள் வட்டத் தடத்துல இருக்க வேண்டிய அடையாளத்தை டேட்டா கோட்டுல தானே அனுப்பணும். ஐரோப்பாவுக்கு எஸ்சிஇஇ, அமெரிக்காவுக்கு எஸ்சிஇஏ, ஜப்பானுக்கு எஸ்சிஇஐ. 44 பிட், ஒவ்வொண்ணும் 4 மில்லிசெகண்ட். 7502-க்கு டிஸ்க் எந்த நாட்டுதா இருந்தாலும் எஸ்சிஇஇ-தான் போகணும், கன்சோல் தன் எழுத்தைத்தான் தேடும். பியு-20 போர்டு வரைக்கும் கேட்ங்கிற சிக்னல் கோடு சும்மா ஹை நிலையிலயே நிக்கும். பியு-22 தொடங்கி அதே வேலைக்கு டபிள்யூஎஃப்சிகேங்கிற கடிகாரக் கோடு துடிச்சுக்கிட்டு இருக்கும், அடையாளமும் அந்தத் துடிப்போட சேர்ந்து போகணும். பிஎஸ்நீ தொடக்கத்துலயே கோட்டைப் பார்த்து போர்டு எதுன்னு கண்டுபிடிச்சிரும்.

1999-க்குப் பிறகு வந்த சில விளையாட்டுகள், வரக் கூடாத நேரத்துல அடையாளம் வந்தா மாட் சிப்னு பிடிச்சிரும். ஓயாம அனுப்புற பழைய சிப் அங்கதான் மாட்டும். பிஎஸ்நீ, டிஸ்க்குல எந்த இடம் ஓடுதுன்னு சொல்லுற சப்க்யூ, எஸ்க்யூசிகே கோடுகளைக் கவனிச்சு, தேவைப்படும்போது மட்டும் அனுப்பிட்டு அடங்கிரும். அதுக்காகவே அந்த ரெண்டு ஒயரையும் விட்டுராதீங்க. டேட்டா, டபிள்யூஎஃப்சிகே, 3.5 வோல்ட், கிரவுண்ட் சேர்த்து மொத்தம் ஆறு.

யூனோவைப் புரோகிராமரா மாத்துற ஐஎஸ்பி ஸ்கெட்சை அதுல ஏத்தி, அதுக்கப்புறம் யூனோவோட ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 10 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் போடுங்க. யூனோ 10 டைனியோட பின் 1-க்கு, 11 பின் 5-க்கு, 12 பின் 6-க்கு, 13 பின் 7-க்கு. பின் 8 மின்சாரம், பின் 4 கிரவுண்ட்.

ஃபியூஸ்லதான், அதாவது சிப்போட அமைப்பு பைட்டுகள்லதான், நிறையப் பேர் வழுக்குதாங்க. புது டைனியோட லோ ஃபியூஸ் 62, அதாவது 8-ஆல் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸ். அதை இ2 ஆக்கினாத்தான் 8 மெகாஹெர்ட்ஸ். விட்டுட்டா அடையாளம் எட்டு மடங்கு மெதுவாப் போகும், கன்சோலுக்குப் புரியாது. பிரவுன்-அவுட்டை (வோல்ட் இதுக்குக் கீழ போனா சிப் ரீசெட் ஆகும்) 2.7 வோல்ட் வைங்க, ஹை ஃபியூஸ் டிடி. 4.3 வெச்சா 3.5 வோல்ட்ல சிப் ரீசெட்டை விட்டு வெளியவே வராது.

டைனி85-ஐ வெச்சு வர்ற டிஜிஸ்பார்க் போர்டு வேண்டாம். 16.5 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் 3.5 வோல்ட்டுக்கு வரம்பு மீறினது, பூட்லோடர் வேற சில விநாடி காத்துக்கிட்டு நிக்கும். வெறும் சிப் வாங்குங்க. திருநெல்வேலில கிடைக்கலைன்னா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல இருந்து கூரியர்ல வரவழைக்கலாம்.

பாளை_கன்சோல்:
கடைசி இடம் 3எஃப்எஃப்எஃப்-தான். பிக்கிட்2-ல ரீஜெனரேட் பண்ணினதும் 34-ல தொடங்குது, ஜப்பான் டிஸ்க்கும் ஏறிருச்சு. ரொம்ப நன்றி அண்ணாச்சி. ரெண்டு பிரச்சினை மிச்சம். மஞ்சள் ஒயர்ல படம் கறுப்பு வெள்ளையா வருது. சிடி-ஆர் சில சமயம் ஏறுது, சில சமயம் இல்லை.

தென்காசி_லென்ஸ்:
ரெண்டுமே சிப்பின் குறை இல்லை.

ஜப்பான் விளையாட்டு 60 ஹெர்ட்ஸுக்கு மாறும்போது, பிஏஎல் கன்சோலில் நிற அலைவரிசை சரியாக அமைவதில்லை. காம்போசிட்டில் (அந்த மஞ்சள் ஒயர்) டிவி நிறத்தைத் தவறவிடுகிறது. நிறங்களைத் தனித்தனியே அனுப்பும் ஆர்ஜிபி கேபிளில் இந்தச் சிக்கல் வராது. அந்தக் கேபிளுக்கான ஸ்கார்ட் துளை நம்ம ஊர் டிவியில் இருக்காது என்பதால், ஆர்ஜிபி-யை ஏற்கும் ஸ்கார்ட்-எச்டிஎம்ஐ மாற்றி தேவை. மலிவு மாற்றிகள் சில காம்போசிட்டை மட்டுமே எடுக்கும், கேட்டு வாங்குங்கள்.

சிடி-ஆருக்கு முதலில் ஒரு சோதனை. பாட்டுகளை ஆடியோ சிடியாக ஒரு சிடி-ஆரில் எழுதி, கன்சோலின் சிடி பிளேயரில் ஓட்டுங்கள். ஆடியோ சிடிக்கு அடையாளம் தேவையில்லை, ஆகவே சிப்புக்கு அங்கே வேலையே இல்லை. அதுவும் தடுமாறினால் லென்ஸ்தான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை லேசாக நனைத்துத் துடையுங்கள், லென்ஸைச் சுமந்து நகரும் ஸ்லெட் ஓடும் தடத்துக்கு வெள்ளை கிரீஸ் வையுங்கள். லேசர் பொட்டென்ஷியோமீட்டரைத் திருகுவதைக் கடைசி வரை தள்ளிப்போடுங்கள், கூட்டினால் லேசரின் ஆயுள் குறையும். பவர் போர்டின் முதல்நிலைப் பகுதியில் 230 வோல்ட் ஓடுகிறது, மூடியைத் திறந்துவைத்து மின்சாரம் கொடுக்காதீர்கள்.

ஆடியோ சுத்தமாக ஓடினால் எழுதும் முறையைப் பாருங்கள். தடங்களை விவரிக்கும் க்யூ (.cue) கோப்பில் முதல் தடம் மோட்2/2352 என்று இருக்க வேண்டும், டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையில், அதாவது முழு டிஸ்க்கையும் ஒரே மூச்சில், எழுதி முடிக்க வேண்டும். பின் (.bin) கோப்பைச் சாதாரண டேட்டா டிஸ்க்காக இழுத்துப் போட்டால் ஓடாது.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்ந்த 65ஏ பிரிவின்படி, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்பை உடைப்பது குற்றம், 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. உங்கள் ஒரிஜினல் டிஸ்க், உங்கள் சொந்த நிரல் என்ற எல்லையிலேயே நில்லுங்கள்.

அம்பை_சால்டர்:
ஒயரை 30 ஏடபிள்யூஜி-க்கு மேல தடிமனாப் போடாதீங்க. மூடி அழுத்தும்போது தடிச்ச ஒயர் பேடைப் பெயர்த்துரும். ஃபிளக்ஸைக் கழுவி நல்லாக் காய வெச்சு, ஒயரை வெப்பம் தாங்கும் கேப்டன் (Kapton) டேப்பால ஒட்டிட்டு மூடுங்க.